டொக்சிசைக்கிளின் கெப்சூலைச் சரியாகக் குடிப்பது எப்படி: மலையகத்து வேலை நாளுக்கு ஏற்ற முழு வழிகாட்டி

எங்கள் அம்மாவுக்கு எலிக்காய்ச்சல் வந்த வருடம் நான் இன்னும் பாமசி வேலைக்குச் சேரவில்லை. தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டும் வேலைக்குப் போய்வந்து, ஒரு கிழமை கழித்துப் படுத்தவர். ஆஸ்பத்திரியில் சின்னக் காகித உறை ஒன்றில் கெப்சூல் கொடுத்தார்கள். உறையின் மேல் பேனையால் ஒன்று என்ற இலக்கம், பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து. அம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. எனக்கு வாசிக்கத் தெரிந்தது, அர்த்தம் தெரியவில்லை. ஒன்று என்றுதானே போட்டிருக்கிறது என்று இரவில் ஒன்று மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதை ஒரு மிடறு சாயத்தண்ணியில் விழுங்கிவிட்டுக் கம்பளிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்தார். நெருப்புக் கங்கு ஒன்று தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றார். ரொட்டியைச் சாயத்தில் நனைத்துக் கொடுத்தும் இறங்கவில்லை. எச்சில் விழுங்கும்போதே முகம் சுருங்கியது. காய்ச்சலும் விடவில்லை.

அந்தக் கெப்சூலின் பெயர் டொக்சிசைக்கிளின். நல்ல மருந்து. நாங்கள் கொடுத்த விதம்தான் பிழை: பாதி அளவு, போதாத தண்ணீர், குடித்த கையோடு படுக்கை. திரும்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வார்டில் வைத்து ஊசி மருந்துக்கு மாற்றிக் காப்பாற்றினார்கள்.

இப்போது 11 வருடமாக ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில் மருந்தாளருக்குப் பக்கத்தில் நின்று மருந்து கட்டிக் கொடுக்கிறேன். மஸ்கெலியாவில் இருந்து வருகிறவர்களும் பொகவந்தலாவையில் இருந்து வருகிறவர்களும் இதே மூன்று பிழையைச் செய்துவிட்டு வந்து நிற்பதைப் பார்க்கிறேன். அவர்கள் கவனம் இல்லாதவர்கள் அல்ல. “சாப்பிட்டபின் ஒரு கிளாஸ் தண்ணீரோடு” என்பது மேசையும் கிளாசும் நேரமும் உள்ளவர்களுக்குச் சொல்லப்பட்ட வாக்கியம். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கிற வரிசைக்கு) நிற்க வேண்டியவருக்கு அதை அவருடைய நாளுக்குள் பொருத்திக் காட்ட ஒருவர் வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மருந்தைத் தீர்மானிப்பது டொக்டர். அவர் எழுதிக் கொடுத்ததை எப்படிக் குடிப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

எந்தக் காய்ச்சலுக்குத் தருகிறார்கள்

மலையகத்தில் இந்தக் கெப்சூல் அடிக்கடி எழுதப்படுவதற்கு இரண்டு காய்ச்சல் முக்கிய காரணம்.

ஒன்று எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரோடு, சில வேளை மாட்டின் சிறுநீரோடும், மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் கலக்கும் கிருமி அது. கால் வெடிப்பு, கவ்வாத்துக் கத்தி பட்ட காயம், அட்டை கடித்துச் சொறிந்த இடம் என்று தோலில் எங்கே வழி இருக்கிறதோ அங்கே நுழையும். உள்ளே போய் ஒன்று இரண்டு கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்காலைத் தொட முடியாத வலி, சிவந்த கண். 2008இல் நாடு முழுக்க 7000க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்ததாகப் பதிவானது. வயல்காரர்களின் நோய் என்று நினைக்கிறார்கள். கான் வெட்டுகிறவர், மாட்டுப்பட்டி கழுவுகிறவர், மரக்கறித் தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்கிறவர் எல்லோருக்கும் வரும்.

மற்றது உண்ணிக்காய்ச்சல். உண்ணியும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியும் கடித்து வருவது. கண்டிப் பக்கத்து மலைப் பகுதிகளில் இதில் ஒரு வகை நன்றாகவே அறியப்பட்டது. உடம்பில் சிவப்புப் புள்ளி, சிலருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட. சில வகையில் பூச்சி கடித்த இடம் சிகரெட் சுட்ட மாதிரிக் கறுத்து அடையாய் இருக்கும். கக்கத்திலோ தொடை இடுக்கிலோ ஒளிந்திருக்கும், வலிக்காது, அதனால் யாரும் சொல்வதில்லை. காய்ச்சலோடு அப்படி ஒரு கறுப்பு அடை இருந்தால் வெட்கப்படாமல் டொக்டரிடம் காட்டுங்கள். அந்த ஒரு அடையாளம் நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

இவை தவிர, நெஞ்சுச் சளிக் காய்ச்சல் சிலவற்றுக்கும் முகப்பருவுக்கும் வேறு சில தொற்றுகளுக்கும் எழுதுவார்கள். டெங்குவுக்கும் சாதாரண தடிமனுக்கும் இது ஒன்றும் செய்யாது. அவை வைரசால் வருபவை.

உள்ளே போய் என்ன செய்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் விதிகள் ஒவ்வொன்றும் ஏன் என்று தானாகப் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கிருமி வளர வேண்டும் என்றால் அது புரதம் செய்ய வேண்டும். அதற்கு அதனுள்ளே ஆயிரக்கணக்கில் குட்டித் தொழிற்சாலைகள் உண்டு. அவற்றுக்கு ரைபோசோம் என்று பெயர். மூலப்பொருளைச் சுமந்துகொண்டு சுமைகாரர்கள் ஒவ்வொருவராக வந்து, குறிப்பிட்ட ஒரு இடத்தில் இறக்கி வைப்பார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூடையை இறக்குகிற அந்தப் படியில் ஒரு ஆள் குறுக்கே உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும்? கூடைகள் வந்து நிற்கும், இறக்க முடியாது. மெஷினில் எந்தப் பழுதும் இல்லை, ஆனால் ஓடாது. டொக்சிசைக்கிளின் செய்வது அதுதான். சுமை இறக்குகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கிருமி அந்த நேரமே செத்துவிடுவதில்லை. வளராமலும் பெருகாமலும் நிற்கிறது. அப்படி நிற்கிற கிருமியை நமது இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் வந்து முடிக்கின்றன. படியில் இருக்கிற ஆள் எழும்பிப் போனால் தொழிற்சாலை மறுபடி ஓடத் தொடங்கும். வேளை தவறக்கூடாது என்று நச்சரிப்பதற்குக் காரணம் இது. இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய 16 முதல் 22 மணித்தியாலம் ஆகும். ஆகவே ஒன்றிரண்டு மணித்தியாலம் முந்திப் பிந்தினால் பரவாயில்லை. ஒரு நாளில் பாதி அளவையே குடித்தால், எங்கள் அம்மாவுக்கு நடந்த மாதிரி, படியில் ஆள் இருந்தும் இல்லாத நிலை.

நமது உடம்பிலும் ரைபோசோம் இருக்கிறதே, அதை இது மறிக்காதா? நம்முடையதன் வடிவம் வேறு. அதில் இது சரியாகப் போய்ப் பொருந்தாது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். “அன்டிபயோட்டிக்தானே, வீட்டில் அமொக்சிசிலின் மிச்சம் இருக்கிறது, அதையே குடிக்கலாமா?” என்று கேட்கிறார்கள். அமொக்சிசிலின் வேலை செய்கிற இடமே வேறு. அது கிருமி தனக்குக் கட்டிக்கொள்ளும் சுவரைக் கட்டவிடாமல் செய்யும். உண்ணிக்காய்ச்சல் கிருமியோ நமது உயிரணுக்களுக்கு உள்ளே புகுந்து குடியிருக்கிறது. அமொக்சிசிலினால் அந்தக் காய்ச்சல் இறங்காது. டொக்சிசைக்கிளின் உயிரணுவுக்குள்ளேயும் நுழையக்கூடியது. பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும், டொக்டர்மாரே அதை ஒரு அடையாளமாகப் பார்ப்பார்கள்.

இந்த மருந்துக் குடும்பம் மண்ணில் இருந்து வந்தது. 1948இல் பெஞ்சமின் டகர் என்ற தாவர அறிஞர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து மண் ஒன்றில் வாழ்ந்த பொன்னிற நுண்ணுயிரில் இருந்து இக்குடும்பத்தின் முதல் மருந்தை எடுத்ததாக அறிவித்தார். பிறகு அதன் அமைப்பைத் திருத்தித் திருத்தி, 1967இல் டொக்சிசைக்கிளின் பாவனைக்கு வந்தது. இந்தக் குடும்பத்துக்குச் சுண்ணாம்புச் சத்தோடும் இரும்போடும் ஒட்டிக்கொள்கிற குணம் உண்டு. சூடானின் பழைய நூபியா நாட்டில் 1500 வருடத்துக்கு முந்திய எலும்புகளில்கூட, நுண்ணுயிரில் இருந்து இயற்கையாகவே வந்த இந்தக் குடும்பத்துப் பொருளின் தடம் ஒட்டியிருந்ததை 1980இல் கண்டுபிடித்தார்கள். இந்த ஒட்டுகிற குணத்தை மனதில் வையுங்கள். பல்லுக்கும் பாலுக்கும் இரும்புக் குளிசைக்கும் உள்ள விதி எல்லாம் இதில் இருந்துதான் வருகின்றன.

முதல் படி: டொக்டர் முன்னால் வாய் திறப்பது

ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) வரிசையில் நமக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். டொக்டர் கேட்காவிட்டாலும் பின்வருவதில் உங்களுக்கு உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

கர்ப்பமாக இருந்தால், அல்லது நாள் தள்ளிப் போயிருந்தால். இந்த மருந்து வயிற்றில் உள்ள பிள்ளையின் எலும்பிலும் பல்லிலும் போய் ஒட்டும், பல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ முளைக்கலாம். 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கொடுக்காததும் இதனால்தான். உண்ணிக்காய்ச்சல் கடுமையாக இருந்தால் டொக்டர் தெரிந்தே பிள்ளைக்கும் எழுதலாம். அது அவர் எடுக்கும் முடிவு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வீட்டில் பெரியவருக்குக் கொடுத்ததைப் பிள்ளைக்கு உடைத்துக் கொடுப்பது மட்டும் ஒருபோதும் கூடாது.

தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால். சில நாளுக்கு மட்டும் என்றால் பல வேளை அனுமதிப்பார்கள், ஆனால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வலிப்புக்கு மருந்து குடித்தால். கார்பமசெபின், பெனிடோயின் போன்றவை டொக்சிசைக்கிளினைச் சீக்கிரமாகவே உடம்பில் இருந்து வெளியேற்றிவிடும். இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் குடிக்கிறவருக்கு இரத்தக் கசிவு கூடும். முன்பு இந்தக் குடும்பத்து மருந்தால் உடம்பு தடித்து மூச்சு முட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

பிறகு, சொல்லக் கூச்சப்படுகிற ஒன்று. தினமும் சாராயம் குடிக்கிறவர் உடம்பில் இந்த மருந்து சீக்கிரம் தேய்ந்துபோகும். டொக்டர் திட்டுவார் என்று மறைத்தால் காய்ச்சல்தான் இழுபடும். கணவருக்காகப் போகிற அக்காமார் இதை அவருக்குப் பதிலாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: உறையைப் புரிந்துகொண்டு எண்ணிப் பார்ப்பது

எங்கள் அம்மாவின் உறையில் இருந்த எழுத்து பீ.டீ. (BD). ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று அர்த்தம். டீ.டீ.எஸ். (TDS) என்றால் மூன்று வேளை. மானே என்றால் காலை, நொக்டே என்றால் இரவு. எல்லாம் இலத்தீன் மொழியில் இருந்து வந்த சுருக்கங்கள். அந்த ஒன்று என்ற இலக்கம், ஒரு வேளைக்கு எத்தனை என்பதைச் சொல்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை என்பது பக்கத்து எழுத்தில்தான் இருக்கிறது.

கவுண்டரை விட்டு நகருவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். 100 மில்லிகிராம் கெப்சூல், காலை ஒன்று, மாலை ஒன்று, 7 நாள் என்றால் உறைக்குள் 14 இருக்க வேண்டும். 7தான் இருக்கிறது என்றால் ஏதோ பிழை. 14 இருந்து நீங்கள் ஒரு நாளைக்கு ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதுவும் அப்போதே பிடிபட்டுவிடும். அம்மாவின் உறையை நான் எண்ணியிருந்தால் போதும், வேறு படிப்புத் தேவைப்பட்டிருக்காது.

வாசிக்கத் தெரியாதவர் வந்தால் நான் உறையில் ஒரு சூரியனும் ஒரு பிறையும் வரைந்து கொடுக்கிறேன். நீங்களும் கேட்டு வாங்கலாம். “தங்கச்சி, இதுல படம் போட்டுக் குடுங்க” என்று ஒரு பாட்டி கேட்டார், அன்றில் இருந்து எல்லோருக்கும் வரைகிறேன். சிங்களத்தில் சொல்லி விளங்காவிட்டால் மறுபடி கேளுங்கள், பக்கத்தில் நிற்பவரை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க, ஆபத்து அதிகமுள்ள வயல்காரர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாக இதே கெப்சூல் கிடைக்கும். அது கிழமைக்கு ஒரு தரம் 200 மில்லிகிராம், அதாவது இரண்டு கெப்சூல் ஒன்றாக. வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பக்கம் வயல் செய்கிற சொந்தக்காரர் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு, காய்ச்சல்காரரும் கிழமைக்கு ஒரு நாள் குடித்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. தடுக்கிற அளவு வேறு, குணமாக்குகிற அளவு வேறு.

மூன்றாம் படி: வேலை நாளுக்குள் இரண்டு நேரத்தைக் குறிப்பது

காய்ச்சல் இருக்கும்வரை வேலைக்குப் போகாமல் இருப்பதுதான் நல்லது. ஆனால் நான்காம் ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் பேர் போட ஓடுகிறவர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆகவே இரண்டு நிலைக்கும் பொருந்துகிற நேரம்: காலை 6 மணி, மாலை 6 மணி.

காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு முடித்தவுடன் வீட்டிலேயே முதல் கெப்சூல். மலைக்குக் கொண்டுபோய் தேத்தண்ணி நேரத்தில் குடிக்கலாம் என்று மடியில் முடிந்துகொண்டு போகாதீர்கள். அங்கே போதுமான தண்ணீர் இருக்காது, மழையில் கெப்சூல் இளகிவிடும், கொழுந்து நிறுக்கிற அவசரத்தில் மறந்தும்போகும். மாலையில் வேலை முடிந்து வந்து, முகம் கை கால் கழுவி, எதையாவது சாப்பிட்டுவிட்டு இரண்டாவது. இரவுச் சாப்பாட்டுக்கு என்று வைத்தால் அது எட்டாகி ஒன்பதாகிப் படுக்கிற நேரத்தில் முடியும். படுக்கிற நேரம் இந்த மருந்துக்கு ஆகாத நேரம்.

வெறும் வயிற்றில் குடித்தால் பலருக்குக் குமட்டும். ரொட்டியோ சோறோ இரண்டு பிஸ்கட்டோ உள்ளே இருந்தால் போதும்.

நான்காம் படி: விழுங்குவது

இதில்தான் பெரிய பிழை நடக்கிறது.

கெப்சூலின் உள்ளே இருக்கிற தூள் அமிலத் தன்மை கொண்டது. போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால், அல்லது விழுங்கியவுடன் சாய்ந்தால், கெப்சூல் உணவுக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். கரைகிற இடத்தில் புண். அம்மாவுக்கு எரிந்தது அந்தப் புண்தான்.

செய்ய வேண்டியது இது. முதலில் இரண்டு மிடறு தண்ணீர் குடித்துத் தொண்டையை நனையுங்கள். பிறகு நின்றுகொண்டோ நேராக உட்கார்ந்துகொண்டோ கெப்சூலை வாயில் போட்டு ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரைக் குடித்து முடியுங்கள். கிளாஸ் என்று நான் சொல்வது 200 மில்லிலீற்றர். வீட்டில் தேத்தண்ணி குடிக்கிற எவர்சில்வர் கோப்பை சின்னதாக இருந்தால் இரண்டு கோப்பை. சூடான சாயத்தண்ணி வேண்டாம். சூடாக இருப்பதை யாரும் ஒரே மூச்சில் குடிப்பதில்லை, உறிஞ்சி உறிஞ்சி ஒரு மிடறோடு நிறுத்திவிடுவார்கள். மலைக் குளிரில் பச்சைத் தண்ணீர் குடிக்கப் பல்லுக் கூசினால் கொதித்தாறிய இளஞ்சூட்டுத் தண்ணீர் நல்லது.

அதற்குப் பிறகு குறைந்தது அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யவும் கூடாது. காய்ச்சலில் உட்கார முடியாதவரைச் சுவரில் தலையணை வைத்து நேராகச் சாய்த்துப் பக்கத்தில் இருங்கள். தண்ணீர் குடித்த பிறகும் தொண்டையில் ஏதோ நிற்கிற மாதிரி இருந்தால் ஒரு வாய் சோறோ வாழைப்பழமோ சாப்பிட்டு, மேலும் தண்ணீர் குடியுங்கள். விழுங்கவே வலி வந்துவிட்டால் அடுத்த கெப்சூலைக் குடிக்காமல் அன்றே டொக்டரிடம் போங்கள்.

ஐந்தாம் படி: கிட்ட வைக்கக் கூடாதவை

ஒட்டுகிற குணம் என்று சொன்னேன் அல்லவா? வயிற்றுக்குள் இரும்போ சுண்ணாம்புச் சத்தோ இருந்தால் மருந்து இரத்தத்துக்குள் போகாமல் அதோடு ஒட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். குடித்தும் குடிக்காத கணக்கு.

எங்கள் பக்கத்தில் முதல் எதிரி இரும்புக் குளிசை. கிளினிக்கில் மிட்வைப் மிஸ் கொடுத்தது, இரத்தம் குறைவு என்று வாங்கியது என்று எத்தனையோ வீட்டில் இருக்கிறது. காலையில் எல்லாக் குளிசையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே வாயில் போடுகிற பழக்கமும் இருக்கிறது. இரும்பு, டொக்சிசைக்கிளினை வயிற்றில் மட்டுமல்ல, பித்தத்தோடு திரும்பக் குடலுக்கு வரும்போதும் பிடித்துக்கொள்ளும். ஆகவே சின்ன இடைவெளி போதாது. அந்த 7 நாளுக்கு இரும்பை நிறுத்தி வைக்கலாமா என்று டொக்டரிடமே கேளுங்கள். தொடரச் சொன்னால் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட முடியுமோ அவ்வளவு விடுங்கள்.

அடுத்தது நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளைப் பாணி மருந்தும் மெல்லுகிற குளிசையும். அவற்றில் அலுமினியமும் மக்னீசியமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. குறைந்தது 2 அல்லது 3 மணித்தியால இடைவெளி. கல்சியம் குளிசைக்கும் சத்துக் குளிசைக்கும் திரிபோஷச் சத்துமாவுக்கும் இதே கணக்கு.

பால்? இதே குடும்பத்துப் பழைய மருந்தான டெட்ராசைக்கிளினைப் பால் அடியோடு கெடுத்துவிடும். டொக்சிசைக்கிளினைக் கொஞ்சம்தான் குறைக்கும். காலையில் பால்மாத் தேத்தண்ணி குடித்துவிட்டோமே என்று பதற வேண்டாம். கெப்சூலைப் பாலோடு விழுங்காமல், ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் சரி.

கர்ப்பத் தடைக் குளிசை குடிக்கிறவர்கள் மெதுவாகக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: இது அதைக் கெடுக்குமா? கெடுக்காது. வாந்தியோ கடும் வயிற்றோட்டமோ வந்தால்தான் அந்தக் குளிசை சரியாக உள்ளே போயிருக்காது, அந்த நாட்களுக்கு வேறு பாதுகாப்பு வேண்டும்.

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பெனடோல் போதும், பெரியவர்களுக்கும் ஒரு நாளில் 8 குளிசைக்கு மேல் கூடாது. டைக்ளோபெனக், புரூபன் போன்ற வலிக் குளிசை வாங்கிக் குடிக்காதீர்கள். எலிக்காய்ச்சல் ஏற்கெனவே சிறுநீரகத்தைத் தாக்குகிற நோய், இவை அதை மேலும் கெடுக்கும். டெங்குவாக இருந்துவிட்டால் இவற்றால் இரத்தக் கசிவு வரலாம்.

ஆறாம் படி: வெயில்

இந்த மருந்து உள்ளே இருக்கும்போது தோல் வெயிலைத் தாங்காது. சாதாரணமாக ஒன்றும் ஆகாத வெயிலில் முகமும் புறங்கையும் கழுத்தும் சிவந்து எரியும், சிலருக்குக் கொப்புளமும் வரும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் சுடுகிற அந்தப் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடிக்கொண்டு போகும். காற்று குளிராக இருப்பதால் நமக்குச் சுடுவது தெரிவதில்லை. மேகமும் பனிமூட்டமும் அந்தக் கதிரை முழுதாக மறிப்பதில்லை.

கொழுந்து எடுக்கிறவருக்குத் தலையில் முக்காடு ஏற்கெனவே இருக்கிறது. அதை நெற்றிக்கும் காதுக்கும் கழுத்துக்கும் வரும்படி இறக்கிக் கட்டுங்கள். மணிக்கட்டுவரை நீளக் கை வைத்த பழைய சேர்ட் ஒன்றை மேலே போட்டுக்கொள்ளுங்கள். புறங்கையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கொழுந்தின் மேலே நாள் முழுக்க நீண்டிருப்பது அதுதான். மருந்து முடிந்து சில நாள்வரை இது தொடரட்டும்.

ஏழாம் படி: எது சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்

எலிக்காய்ச்சல்காரருக்கு முதல் வேளை குடித்த சில மணித்தியாலத்தில் திடீரென்று நடுக்கமும் காய்ச்சலும் கூடலாம். கிருமிகள் சிதைந்து அவற்றின் பொருள் இரத்தத்தில் கலப்பதால் வருவது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். முதல் நாள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நடுக்கம் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். தலை சுற்றி விழுகிறவராக இருந்தால் அல்லது மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரி.

லேசான குமட்டல், வயிறு இளகுவது, பெண்களுக்கு அரிப்போடு வெள்ளைப்படுவது வரக்கூடும். டொக்டரிடம் சொல்லலாம், பயப்படத் தேவையில்லை.

நேரம் பார்க்காமல் ஓட வேண்டியவை: உதடு, முகம் வீங்குவது, மூச்சு முட்டுவது, உடம்பு முழுக்கத் தடிப்பது. பார்வை மங்கலோடு கடுமையான தலைவலி. இரத்தம் கலந்த வயிற்றோட்டம். நோயே முற்றுகிற அடையாளங்களும் உண்டு: சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, இருமலில் இரத்தம், மூச்சுத் திணறல், சித்தம் தடுமாறுவது. இவை வந்தால் கெப்சூல் போதாது, ஊசி மருந்தும் வார்டும் வேண்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். லயத்துக்கு வண்டி ஏற முடியாத பாதை என்றால், எந்தச் சந்திவரை தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

வேளை தவறினால், வாந்தி எடுத்தால்

நினைவு வந்தவுடன் குடியுங்கள். அடுத்த வேளை கிட்டிவிட்டது என்றால் தவறியதை விட்டுவிட்டு வழமைபோலத் தொடருங்கள். இரண்டையும் சேர்த்துக் குடிக்க வேண்டாம். குடித்து அரை மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்து, அதில் கெப்சூல் தெரிந்தால், மருந்து தந்த இடத்துக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். எதைக் குடித்தாலும் வாந்தி என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

வைக்கிற இடமும் மிச்சமும்

காகித உறை மலையகத்து ஈரத்துக்குத் தாங்காது. ஜூன், ஜூலை மழையில் சுவரே வியர்க்கிறது. கெப்சூல் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மூடி இறுக்கமான சின்ன டின்னில் உறையோடு வையுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வேண்டாம், அங்கே சூடும் புகையும். பிள்ளை எட்டாத இடமாக இருக்கட்டும்.

காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டது என்று மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள். எத்தனை நாள் எழுதினாரோ அத்தனை நாளும் குடியுங்கள். இடையில் டொக்டரே மாற்றியதால் மிஞ்சினால் அதைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுக்க வேண்டாம். எனக்கு இது சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. லயத்தில் சீனி, அரிசி, மருந்து எல்லாம் கைமாறித்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் அந்த வீட்டு அக்கா கர்ப்பமா, அந்தக் காய்ச்சல் டெங்குவா என்பது நமக்குத் தெரியாது. பழையதை நாமே பின்னொரு காலத்தில் குடிப்பதும் கூடாது. கெட்டுப்போன பழைய டெட்ராசைக்கிளின் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களை 1960களிலேயே பதிவுசெய்திருக்கிறார்கள். மிஞ்சியதை வாங்கிய பாமசியில் கொண்டுவந்து கொடுத்தால் என்ன செய்வது என்று அவர்கள் சொல்வார்கள். கானில் வீச வேண்டாம்.

கெப்சூல் தொடங்கி இரண்டு நாள் முழுதாகப் போன பிறகும் காய்ச்சல் குறையவில்லை என்றால் திரும்பப் போங்கள். முடிந்த பிறகு மறுபடி காய்ச்சல் வந்தாலும் போங்கள். வெறுங்கையோடு போகாமல் அந்த வெற்று உறையைக் கொண்டுபோங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் டொக்டர் அடுத்ததைத் தீர்மானிப்பார். “பச்சைக் கெப்சூல் ஒன்று குடித்தேன்” என்று சொன்னால் அவருக்கு எதுவும் விளங்காது. உறையின் பின்பக்கத்தில் தொடங்கிய திகதியையும் முடித்த திகதியையும் எழுதி, ஒரு மாதத்துக்குக் கிளினிக் கொப்பிக்குள் செருகி வைத்திருங்கள்.